சத்தம் முதலில் எட்டிய வீடு

ஜனவரி 8, திங்கள்

என் மனைவி பியூலா இந்த டைரியைக் கொடுத்து, "இன்னையிலேர்ந்து இதுல எழுதுங்க. தேதி போடாம ஒரு வரிகூட எழுதக்கூடாது" என்றாள். நான் கொத்தனார். செங்கல் கணக்கைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை.

"என்னத்த எழுத?"

"விரிசல எழுதுங்க. வேற என்ன நடந்தாலும் எழுதுங்க. வாசிக்கியவங்களுக்கு நம்ம ஊரு தெரியாது, அதனால முதல்ல ஊரச் சொல்லுங்க."

சரி. எங்கள் ஊர் ரோட்டோரம் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும் ஊர். இரண்டு முனையிலும் பொத்தை, அதாவது சிறு கல் குன்று. இரண்டு பொத்தையிலும் கல் குவாரி. வடக்குக் குவாரி தூரத்தில் இருக்கிறது, அதற்கு அனுமதி உண்டு. தெற்குக் குவாரி எங்கள் தெருவுக்கு மிகப் பக்கம் என்று இரண்டு வருடத்துக்கு முன் மூடச் சொல்லி உத்தரவு. கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஆனாலும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வெடி வைத்தால் எங்கள் தெருவில் தட்டு முட்டெல்லாம் குதிக்கிறது. சத்தம் இரண்டு பொத்தையிலும் மோதி வருவதால் எந்தப் பக்கம் வெடித்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியவில்லை.

போன மாதம் வந்து பார்த்த அதிகாரிகள், வெடிப்பது வடக்குக் குவாரிதான், அவ்வளவு தூரத்திலிருந்து வீடு விரிசல் விடாது, கட்டுமானம் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். விரிசல் விட்டவை பதினான்கு வீடுகள். அதில் பதினொன்று நான் கட்டியவை.

ஜனவரி 10, புதன்

பதிமூன்று வீட்டு விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் விரல் அகலப் பட்டை போட்டு, மேலே பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் பட்டை உடையும். கொத்தனார்களின் வழி இது.

பதினான்காவதான செல்வகனி அக்கா வீட்டுக்குப் போக நேரம் இல்லை.

ஜனவரி 13, சனி

பியூலா உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். பள்ளியில் கழித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஒன்று எங்கள் வீட்டில். இன்னொன்று ஊரின் வட கோடியில் இருக்கும் பால் சொசைட்டியில். இரண்டிலும் மைக் மாட்டி நாள் முழுக்க சத்தத்தைப் பதிவு செய்ய வைத்திருக்கிறாள்.

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம் வீட்டுக்கும் சொசைட்டிக்கும் நடுவே ஆயிரத்து நானூறு மீட்டர். அதைத் தாண்ட சத்தத்துக்கு நான்கு நொடி வேண்டும். வடக்கே வெடித்தால் சொசைட்டிக்கு முதலில் கேட்கும், நமக்கு நான்கு நொடி கழித்து. தெற்கே வெடித்தால் நமக்கு முதலில்.

ஊரே இரண்டு வருடமாக அடித்துக்கொள்ளும் விஷயம். இவள் இரண்டு மைக்கை வைத்து முடிக்கப் பார்க்கிறாள்.

ஜனவரி 20, சனி

முதல் வாரக் கணக்கு. நான்கு வெடி தெற்கே என்று வந்தது. நான் சந்தோஷத்தில் தெருவில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 22, திங்கள்

நாளை எங்கள் தெரு கொடுத்த மனு மீது சப்-கலெக்டர் விசாரணை. பியூலா கணக்கைத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை வெடி ஒன்றில் இரண்டு இடத்துக்கும் பதினொரு நொடி வித்தியாசம் வருகிறது.

"நாலு நொடிக்கு மேல வரவே முடியாதுங்க. சத்தம் என்ன நடுவுல டீக்கடையில உக்காந்துட்டா வரும்?"

"ஒண்ணு தப்பா இருந்தா அந்த ஒண்ண எடுத்திரு. மத்தது சரியாத்தான இருக்கு?"

"கடியாரம் தப்பா ஓடுது. அப்ப எல்லாமே தப்புதான்."

செல்போனைப் பார்த்துக் கையால் நேரம் வைத்திருந்தாள். இந்தப் பழைய கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளில் சில நொடி முன்னும் பின்னும் ஓடுமாம். கரண்ட் போனால் இன்னும் மோசம். இன்டர்நெட் இருந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர் டேங்க் மேல் ஏற வேண்டும்.

ஜனவரி 23, செவ்வாய்

விசாரணையில் குவாரி பக்கத்து இன்ஜினியர் கேட்ட முதல் கேள்வியே, "நேரத்தை யாரும்மா வச்சது?" பியூலா எழுந்து, "நான்தான் சார், கையால வச்சேன். அது சரியில்ல. இந்தப் பேப்பர நானே திரும்ப வாங்கிக்கிடுதேன்" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சப்-கலெக்டர் ஒரு இளம் பெண். சிரிக்கவில்லை. "சரியான நேரத்தோட கொண்டு வர முடியுமா?" என்று கேட்டார். பிப்ரவரி 28 வரை அவகாசம் கொடுத்தார்.

பஸ்ஸில் அவளை விட்டு வேறு சீட்டில் உட்கார்ந்தேன். கோபம் இருந்தது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

கூரியரில் ஒரு சாமான் வந்தது. தீப்பெட்டி அளவு, ஒரு வயர். ஜி.பி.எஸ். சிக்னலை வாங்கும் பெட்டி. வழி காட்டத்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். பியூலா சொல்கிறாள், அதன் உயிரே நேரம்தானாம். மேலே சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் இப்போது மணி என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. நான்கைந்து கோள்கள் சொல்வதைக் கேட்டு இந்தப் பெட்டி தன் இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம்.

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து. கப்பலுக்கும் விமானத்துக்கும் சொல்லும் அதே நேரத்தை எங்கள் தெருவுக்கும் சொல்கிறது. யார் என்று கேட்பதில்லை. இதை நினைத்தபடி மத்தியானம் ஒரு சுவரை மட்டம் பார்க்காமலே எழுப்பி, பிரித்துத் திரும்பக் கட்டினேன்.

பிப்ரவரி 3, சனி

வீட்டுக்குள் கான்கிரீட் கூரைக்குக் கீழே அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. வானம் தெரிய வேண்டுமாம். நான் மொட்டை மாடியில் ஒரு முழ உயரத்துக்கு அழகாக ஒரு சிமெண்ட் பீடம் கட்டினேன். மழை படாமல் இருக்க ஸ்டீல் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் பியூலா திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கோளும் இல்லை. மாடி ஏறி வந்து பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரும்பைத் தாண்டி அது கேட்காதாம். தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்தோம். பத்து நிமிடத்தில் ஏழு கோள்.

அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

"பதினாலு வீடுன்னு மனுவுல இருக்கு. பதிமூணு வீட்டுக்குத்தான் பட்டை போட்டிருக்கீய" என்று பியூலா கேட்டாள். மாலையில் செல்வகனி அக்கா வீட்டுக்குப் போய்ப் பட்டை போட்டேன். அக்கா அங்கன்வாடியில் ஆயா. தனி ஆள். "உன் கைப்பட்ட வீடு தம்பி, சீக்கிரம் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக் கடுங்காப்பி கொடுத்தார்கள். பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று இரண்டு குவாரியிலும் வெடி இல்லை. போன வாரம் உடைந்ததை மாற்றிப் போட்ட பிறகு பதிமூன்று வீட்டுப் பட்டைகளும் நன்றாக இருக்கின்றன. செல்வகனி அக்கா வீட்டுப் பட்டை: பார்க்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

சொசைட்டிக்கு இரண்டாவது பெட்டி வேண்டும். பள்ளியில் ரெமிலா டீச்சர் கடற்கரை ஊர்க்காரர். அவர் அண்ணன் படகிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஜி.பி.எஸ். ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு பூத்திருந்தது. பியூலா சுத்தம் செய்து மாட்டினாள். மணி, நிமிடம், நொடி எல்லாம் சரி. தேதி மட்டும் 2004 ஜூன் 28 என்று காட்டுகிறது.

"கெட்டுப் போச்சு. திருப்பிக் குடுத்திரு" என்றேன்.

அவள் கேட்கவில்லை. "அதுவும் திங்கக்கிழமைதாங்க" என்று முணுமுணுத்தாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டாள்! அந்தக் கோள்கள் தேதி சொல்வதில்லை, எத்தனையாவது வாரம் என்று எண் சொல்கின்றன. அந்த எண் 1023 வரை போய் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். லாரி மீட்டர் சுற்றி முடிந்து முதலிலிருந்து வருவது மாதிரி. பழைய பெட்டிக்கு ஒரு சுற்று முடிந்தது தெரியவில்லை. அதனால் சரியாக 1024 வாரம் பின்னால் நிற்கிறது. கிழமை மாறாது. நொடியும் மாறாது. 7168 நாளைக் கூட்டினால் இன்றைய தேதி. நானே காலண்டரையும் பேப்பரையும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை தப்பு வந்தது, மூன்றாவது முறை அவள் சொன்னதே வந்தது.

இவள் கல்லூரிக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பும் ஒரு வருட கம்ப்யூட்டர் கோர்ஸும்தான். கல்யாணத்தில் எங்கள் அம்மா, பொண்ணு ரொம்ப மெலிவு என்று குறை சொன்னார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

இரண்டு கம்ப்யூட்டரையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பெட்டியும் மாடியில். "நீங்க முற்றத்துல நின்னு கை தட்டுங்க" என்றாள். ஒரே கைதட்டல் இரண்டிலும் ஒரே நேரமாகப் பதிவாக வேண்டும்.

தட்டினேன். முக்கால் நொடி வித்தியாசம். பழைய பெட்டி நேரத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டாலும் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லத் தாமதிக்கிறதாம். எப்போதும் அதே அளவு தாமதம்தானா என்று பார்க்க மறுபடி, மறுபடி. நாற்பது தடவை தட்டினேன். எதிர் வீட்டு ஞானமுத்து அண்ணாச்சி வேலி வழியே எட்டிப் பார்த்து, "தொரை, என்னடே, தனியா ஜெபக் கூட்டம் நடத்துதியா?" என்றார்.

அந்த முக்கால் நொடியைக் கழித்த பிறகு தட்டியதில் வித்தியாசம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. "இது போதும்" என்றாள். என் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 16, வெள்ளி

கம்ப்யூட்டரைத் திரும்பச் சொசைட்டியில் வைத்தோம். செயலாளரிடம் சொல்லிவிட்டு அதன் வாசலில் பெரிய பட்டாசு வெடி ஒன்றைக் கொளுத்தினேன். பால் கறந்துகொண்டிருந்த மாடு ஒன்று வாளியை உதைத்துவிட்டது. திட்டு வாங்கினேன். சைக்கிளில் வீடு வந்தால் பியூலா வாசலிலேயே நிற்கிறாள். நான்கு விரலைக் காட்டினாள். சரியாக நான்கு நொடி.

பிப்ரவரி 17, சனி

இன்றிலிருந்து பதிவு. ஒரு வெடி. வடக்கு.

பிப்ரவரி 19, திங்கள்

இரண்டு வெடி. முதலாவது வடக்கு. இரண்டாவது சத்தம் வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் 1.22 தாண்டிப் பதினான்கு நொடி. சொசைட்டியில் பதினெட்டு. தெற்கு!

மாலையில் பட்டைகளைப் பார்த்தேன். பதிமூன்றில் ஐந்து உடைந்திருந்தன. புதிதாகப் போட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தெற்குக் குவாரி மேனேஜர் என்னை ரோட்டில் நிறுத்தினார். கார் கண்ணாடியை இறக்கி, "மேஸ்திரி, முதலாளி கல்யாண மண்டபம் ஒண்ணு கட்டப் போறாரு. உங்க கையில குடுக்கலாம்னு சொன்னாரு. வீட்டம்மாட்ட கொஞ்சம் பேசுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பியூலாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

மூன்று வெடி. மூன்றும் வடக்கு. பட்டை எதுவும் உடையவில்லை. பியூலா மூன்றையும் தாளில் ஏற்றினாள்.

"வடக்கு வெடிய எல்லாம் எதுக்கு எழுதுத? அவங்களுக்குத்தான அது சாதகம்?" என்று கேட்டேன்.

"நடந்தத எழுதுதேன்" என்றாள். தலை நிமிரவில்லை. அடுத்த வரியில், நேற்று கரண்ட் போய் வந்து பெட்டிக்குக் கோள்கள் மறுபடி கிடைக்கும் முன் கேட்ட இரண்டு வெடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதினாள். அவை தெற்கு என்றுதான் எனக்கும் அவளுக்கும் காதில் பட்டது.

சாயங்காலம் தண்ணீர் டேங்க் மேல் ஏறி மேனேஜருக்கு போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது செல்வகனி அக்கா கூப்பிட்டார்கள். "தம்பி, நீ வச்ச பட்டை உடஞ்சு கெடக்கே, பாக்கலியா?" வெடி இல்லாத நாளில் உடைந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமையே உடைந்துவிட்டதாம். அக்காவுக்குத் தேதி நினைவிருக்கிறது. எனக்கும் இருக்கிறது. பார்க்கவில்லை என்று எழுதினாலும், அன்று ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மொத்தம் பதினேழு வெடி. வடக்கு பத்து, தெற்கு ஏழு. தெற்கு வெடித்த நான்கு நாட்களில் மட்டும் பதிமூன்று வீட்டுப் பட்டைகள் உடைந்திருக்கின்றன. பியூலா என் டைரியிலிருந்து பட்டைக் கணக்கை எடுத்து எழுதினாள். பதினான்காவது வீட்டுக்கு என்ன எழுத என்று கேட்டாள்.

"நாளைக்கு நான் சொல்லுதேன்" என்றேன்.

பிப்ரவரி 28, புதன்

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

பியூலா நீலச் சேலை கட்டியிருந்தாள். குரல் நடுங்கவில்லை. நான்கு நொடிக் கணக்கைச் சப்-கலெக்டருக்குச் சொன்னாள். ஜி.பி.எஸ்., கைதட்டல், சொசைட்டி வாசல் வெடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

இன்ஜினியர் எழுந்தார். "மேடம், இவங்க சொசைட்டியில வச்சிருக்க பெட்டி இருபது வருஷம் பழைய தேதி காட்டுது. நான் விசாரிச்சேன். இதப் போய் ஆதாரம்னு..."

"மூணாவது பக்கத்துல நானே எழுதியிருக்கேன் சார்" என்றாள் பியூலா. "ஏன் அப்படிக் காட்டுதுன்னும் எழுதியிருக்கேன். உங்க ஆளுங்கள வச்சே நீங்க கை தட்டிப் பாக்கலாம். ரெண்டு பெட்டியும் வெளிய வராந்தாவுல இருக்கு."

சப்-கலெக்டர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி மெதுவாகப் படித்தார். "இங்க ரெண்டு வெடியை விட்டிருக்கீங்களே?"

"அந்த நேரத்துக்கு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இவ்வளவு உயரம் என்று தெரியாது.

இன்ஜினியர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "வெடி எங்க வச்சா என்ன மேடம்? அஸ்திவாரம் சரியில்லாத வீடு. கட்டின மேஸ்திரி இங்கதான் இருக்காரு, கேளுங்க."

சப்-கலெக்டர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"பதினொரு வீடு நான் கட்டினது அம்மா. பத்து வீட்டுக்கு அஸ்திவாரம் மூணு அடி. எங்க வேணாலும் தோண்டிப் பாருங்க. செல்வகனி அக்கா வீடு மட்டும் ஒன்றரை அடி. மழை பெஞ்சுகிட்டிருந்துச்சு, இன்னொரு பெரிய வேலை காத்துக்கிட்டிருந்துச்சு. அக்காட்ட மூணு அடின்னு சொன்னேன். அந்த வீட்டுப் பட்டை வெடி இல்லாத அன்னைக்கே உடஞ்சிட்டு. அது என் தப்பு."

செல்வகனி அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். நான் திரும்பவில்லை.

"பாருங்க மேடம், அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார் இன்ஜினியர்.

"ஒரு வீட்டுக்கு" என்றார் சப்-கலெக்டர். எழுதினார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். நேராகத் தெற்குக் குவாரிக்குப் போனார்.

பஸ்ஸில் பியூலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம், "எட்டு வருஷமா இத வச்சுக்கிட்டு எப்படி உறங்குனீய?" என்றாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து அவள் உறங்கிப்போனாள். ஒன்றரை மாதக் களைப்பு.

மார்ச் 1, வெள்ளி

சப்-கலெக்டர் குவாரியில் கண்டது: பின்பக்கம் வழியாக லாரி போய் வந்த தடம். புதுக் கல். மருந்து வைக்கத் துளைத்த குழிகள். தெற்குக் குவாரிக்குச் சீல் வைத்தாயிற்று, வழக்கும் போட்டாயிற்று. பதிமூன்று வீட்டையும் குவாரிக்காரரே சரிசெய்து தர வேண்டும் என்று உத்தரவு.

பதிமூன்று.

தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது. ஞானமுத்து அண்ணாச்சி பியூலாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். செல்வகனி அக்கா வரவில்லை.

மார்ச் 2, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, சாத்திக்கொண்டார்கள்.

மார்ச் 4, திங்கள்

கடப்பாரை, மண்வெட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டின் பின்சுவரோரம் தோண்ட ஆரம்பித்தேன். நான்கடிக்கு நான்கடி விட்டு விட்டுத் தோண்டி, அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்த பகுதி. ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் இறங்கிவிடும். ஒரு மாத வேலை. மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு செம்பு தண்ணீர் வந்தது. முகம் தெரியவில்லை.

மார்ச் 6, புதன்

அக்கா பேசினார்கள். "மூணு அடின்னு சொல்லிட்டு எப்படி தம்பி எங்க வீட்டுலயே காப்பி குடிச்ச?" முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டேன். அப்புறம், "வெயில்ல நிக்காத, நெழலு வரட்டும்" என்று உள்ளே போய்விட்டார்கள்.

மார்ச் 9, சனி

பள்ளி விடுமுறை. பியூலாவும் வந்தாள். சட்டியில் ஜல்லி சுமந்தாள். மெலிவு என்று எங்கள் அம்மா சொன்ன கை. நான் முதல் குழியிலிருந்து ஏறி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூணு அடி ஆயிட்டு. கான்கிரீட் கலக்கலாம்" என்றேன்.

அவள் என் டேப்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மேல் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இன்னொரு மூலையிலும் பார்த்தாள். செல்வகனி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டே முக்கால்தாங்க இருக்கு" என்றாள்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் மறுபடி இறங்கினேன்.